ஹோம் தியேட்டரும் டிஸ்க் பிளேயரும் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

ஹோம் தியேட்டரில் சத்தம் நின்றுவிட்டால் உடனே 'போர்டு போயிடுச்சு' என்கிறோம். டிஸ்க் ஓடாவிட்டால் 'லென்ஸ் போயிடுச்சு'. திறந்து பார்த்தால் பல நேரம் போயிருப்பது ஒரு ஒயர், ஒரு செட்டிங், அல்லது களிம்பு பிடித்த ஒரு ஜாக். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு பொருளை இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் அதோடு சேர்ந்து இடம் மாறுகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். கூடவே போனால் நீங்கள் மாற்றிய பொருளில்தான் கோளாறு. நின்ற இடத்திலேயே நின்றால் அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறு பக்கம் தேடலாம். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரே வேலைதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் செட்டிங்கையும் சேர்த்து மாற்றிச் சத்தம் வந்துவிட்டால், எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். அடுத்த முறை அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இன்னொன்று: ஸ்பீக்கர் ஒயரையோ ஆர்சிஏ பின்னையோ (சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நிறத்தில் வரும் வட்டப் பின்) கழற்றுவதும் மாட்டுவதும் மெயின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் இல்லை

இடது முன் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆம்பின் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) பின்பக்கத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் சொருகுங்கள். இப்போதும் அதே இடது ஸ்பீக்கர்தான் பேசவில்லை என்றால் கோளாறு ஸ்பீக்கரில் அல்லது அதன் ஒயரில். இடது பேச ஆரம்பித்து வலது ஊமையாகிவிட்டால் ஸ்பீக்கரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன; ஆம்பிலோ அதற்கும் முன்னாலோ தேட வேண்டும். அப்போது ஸ்பீக்கர் ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, பிளேயரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களை ஆம்ப் பக்கத்தில் மட்டும் மாற்றிச் சொருகுங்கள். ஊமை பக்கம் மாறினால் பிளேயர் அல்லது அந்தக் கேபிள். மாறாவிட்டால் ஆம்பில் அந்தச் சேனல்.

எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருந்தால் பின் மாற்ற வழியில்லை. அதற்குப் பதிலாக ரிசீவரின் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி) செட்டிங் மெனுவில் டெஸ்ட் டோன் இருக்கும். அதை ஓடவிட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் வரிசையாக 'ஷ்ஷ்' என்று சத்தம் வரும். டெஸ்ட் டோன் எல்லாவற்றிலும் வந்து படத்தில் மட்டும் ஒரு ஸ்பீக்கர் பேசவில்லை என்றால், ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒரு குறையும் இல்லை. பிளேயர் அனுப்பும் ஒலியைத்தான் சரிபார்க்க வேண்டும்.

கோளாறு ஸ்பீக்கர் பக்கம் என்று தெரிந்துவிட்டால் ஒயரைக் கழற்றி மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 7 என்றுதான் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3, 3.5 காட்டும். அது கோளாறில்லை, மீட்டர் அளப்பது சுருளின் டிசி மின்தடையை மட்டும். எதுவுமே காட்டாவிட்டால் அந்தச் சுருள் (வாய்ஸ் காயில்) அறுந்திருக்கிறது அல்லது உள்ளே ஒயர் விட்டுப்போயிருக்கிறது. மீட்டர் இல்லாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். வூஃபரின் இரண்டு முனைகளிலும் ஒரு நொடிகூட வைக்காமல் தொட்டு எடுத்தால் 'டப்' என்று கேட்கும். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும். ஒயரில் பிளஸ், மைனஸ் அடையாளம் அழிந்துபோனவர்களுக்கு இது ரொம்ப உதவும். முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால் பேஸ் மெலிந்துபோகும். நடுவில் கேட்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அப்படி ஒரு சத்தம் கேட்டால் முதலில் ஒயர்களின் நிறத்தைப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் 'கரகர' என்று உரசுகிறதா? ஸ்பீக்கர் கூம்பின் நடுவைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். மணல் தேய்ப்பதுபோல் உரசினால் வாய்ஸ் காயில் காந்தத்தில் இடிக்கிறது. கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம் வயதானால் பொடிந்து உதிரும். அதுவாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. ஆம்பை ஆன் செய்ததும் ஒரு பக்கம் சத்தமே இல்லை. வால்யூமைக் கொஞ்சம் கூட்டியதும் 'டக்'கென்று முழுச் சத்தமும் வந்துவிடுகிறது. அப்புறம் குறைத்தாலும் கேட்கிறது. இது அனேகமாக ஸ்பீக்கர் ரிலே. ஆன் செய்து சில நொடிகள் கழித்து உள்ளே 'க்ளிக்' என்று கேட்கிறதே, அதுதான் ரிலே. அதன் தொடுமுனைகள் கறுத்துப்போனால் சின்ன சிக்னல் கடக்காது, பெரிய சிக்னல் தள்ளிக்கொண்டு போய்விடும். ரிலே விலை குறைந்த பாகம், மாற்றுவதும் சுலபம். ஆனால் இந்த அறிகுறியைச் சொல்லாமல் செட்டைக் கொடுத்தால் மெக்கானிக் ஐசியைச் சந்தேகப்பட வாய்ப்பு அதிகம். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்றால் அது ரிலே இல்லை, குமிழுக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் போய்விடும்.

ஆன் ஆனதும் 'ப்ரொடெக்ட்' என்று காட்டி அணைகிறது

ஆம்ப் தன்னையும் ஸ்பீக்கரையும் காப்பாற்றிக்கொள்கிறது. மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பின்னால் உள்ள எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்.

ஒயர் இல்லாமல் ஒழுங்காக ஆன் ஆகி நின்றால் ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது; ஏதோ ஒரு ஒயர் ஷார்ட். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டி ஆன் செய்து வாருங்கள். எந்த ஸ்பீக்கரை மாட்டியதும் அணைகிறதோ அதுதான் காரணம். பெரும்பாலும் டெர்மினலில் சொருகிய செப்பு இழைகளில் ஒன்றே ஒன்று பிரிந்து பக்கத்துத் துளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். தலைமுடி அளவு இழை. டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒயரின் நுனியை இறுக முறுக்கி, டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரியாத அளவுக்கு வெட்டிச் சொருகுங்கள். நாற்காலிக் கால் ஏறிய ஒயர், ஆணிக்கு அடியில் நசுங்கிய ஒயர், எலி கடித்த ஒயர் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

ஒயர் எதுவும் இல்லாமலே ப்ரொடெக்ட் காட்டினால் கோளாறு உள்ளே. அவுட்புட் ஐசி அல்லது டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் அணைகிறது என்றால் சூடு. மூடிய அலமாரிக்குள் ஆம்பை வைத்து, அதன் தலையில் பிளேயரையும் ஏற்றி வைத்திருப்போம். மேலே ஒரு சாண் இடம் விட்டுத் திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆம்பின் பின்னால் 6 ஓம் அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்க, 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சத்தமாக வைத்தாலும் இப்படித்தான் சூடேறும்.

'உம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம்

முதல் சோதனை வால்யூம் குமிழ். குமிழைக் கூட்டக் கூட்ட ரீங்காரமும் கூடினால் அது வெளியிலிருந்து, இன்புட் வழியாக வருகிறது. குமிழ் பூஜ்ஜியத்தில் இருந்தாலும் அதே அளவு கேட்டால் ஆம்பின் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். பழைய ஆம்பில் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோனால் இப்படி ஆகும்.

வெளியிலிருந்து வருகிறது என்றால் எல்லா இன்புட் கேபிளையும் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றதா? ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் திரும்பி வருகிறதோ அந்தக் கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள். ஆர்சிஏ கேபிளில் வெளிச்சுற்றுக் கம்பி விட்டுப்போனால் ரீங்காரம் பலமாக இருக்கும், பின்னைத் தொட்டால் சத்தம் மாறும். கேபிள் நல்லதாக இருந்தும் வருகிறதென்றால் கிரவுண்ட் லூப்: இரண்டு கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகி, அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவில் சின்ன மின்னோட்டம் ஓடுகிறது. டிவிக்குப் பின்னால் வரும் கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அந்த நொடியே ரீங்காரம் நின்றுவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுவதும், சிக்னலை எச்டிஎம்ஐக்குப் பதில் ஆப்டிகல் கேபிளில் கொண்டுபோவதும் நல்ல தீர்வுகள். ஆப்டிகலில் போவது வெளிச்சம் என்பதால் அதன் வழியாக எர்த் இணைப்பே கிடையாது. சிலர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ரீங்காரம் போகும், ஆனால் ஒருநாள் உள்ளே லீக்கேஜ் ஏற்பட்டால் ஆம்பின் உலோக உறையே ஷாக் அடிக்கும்.

டிவியின் சத்தம் ஹோம் தியேட்டரில் வரவில்லை

டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் சத்தத்தைத் திருப்பி அனுப்பாது. 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும் துளையில்தான் கேபிள் இருக்க வேண்டும், ஆம்ப் பக்கத்திலும் அப்படியே. ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4உடன்தான் வந்தது, அதற்கு முந்தைய செட்டில் தேடிப் பயனில்லை. துளை சரி என்றால் இரண்டிலும் 'சிஇசி' (எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். டிவி கம்பெனிகள் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பதால் மெனுவில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். பிறகு டிவியின் ஸ்பீக்கர் செட்டிங்கை வெளி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் டிவி, ஆம்ப் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்து டிவியை முதலில் ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது.

ஆப்டிகல் கேபிள் என்றால் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் உள்ளங்கையில் காட்டிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். புதுக் கேபிளின் இரண்டு முனையிலும் ஒளி ஊடுருவும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் சொருகப் பார்த்து, 'துளை சின்னதாக இருக்கிறது' என்று திகைப்பவர்கள் நிறையப் பேர்.

டால்பி, டிடிஎஸ் இரண்டும் டிஸ்க்கில் ஒலியைச் சுருக்கிப் பதியும் முறைகள். டால்பி டிஸ்க்கில் சத்தம் வருகிறது, டிடிஎஸ் டிஸ்க்கில் மட்டும் வரவில்லை என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. உங்கள் டிவிக்கோ சவுண்ட்பாருக்கோ டிடிஎஸ் பிரித்துப் படிக்கத் தெரியாது. பிளேயர் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' (பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்பதிலிருந்து 'பிசிஎம்' (பிரித்த ஒலி) என்று மாற்றினால் பிளேயரே பிரித்து அனுப்பிவிடும். ஆப்டிகலில் பிசிஎம் ஸ்டீரியோவாகத்தான் போகும், 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) கிடைக்காது; எச்டிஎம்ஐயில் பிளேயரை நேராக ரிசீவரில் இணைத்தால் பிசிஎம்மிலும் 5.1 கிடைக்கும். ஓடிடி படங்களில் மட்டும் ஆப்டிகல் வழியாகச் சத்தம் இல்லை என்றால், அவை அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகலில் போகாது என்பதே காரணம். டிவியின் டிஜிட்டல் ஒலி செட்டிங்கைச் சாதாரண டால்பி டிஜிட்டலுக்கோ பிசிஎம்முக்கோ மாற்றுங்கள்.

பாட்டு கேட்கிறது, வசனம் கேட்கவில்லை

5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். டெஸ்ட் டோனில் சென்டர் பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால் அதன் அளவை மட்டும் 2, 3 டெசிபெல் கூட்டலாம். ராத்திரியில் மெல்ல வைத்துப் பார்ப்பவர்களுக்கு 'நைட் மோட்' உதவும். சென்டர் ஸ்பீக்கரே இல்லாதவர்கள் ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டிங்கில் 'சென்டர் இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய் காணாமல் போகும். பிளேயரின் 5.1 அவுட்புட்டில் முன் இடது, வலது பின்களை மட்டும் ஸ்டீரியோ ஆம்பில் மாட்டினாலும் இதே கதைதான். பிளேயரில் டவுன்மிக்ஸை (பல சேனல் ஒலியைக் குறைந்த சேனலில் கலந்து தருவது) ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

சப்வூஃபர் அதிரவில்லையா? அதற்குத் தனி பவர் இருந்தால் விளக்கு எரிகிறதா, தானே தூங்கிப்போகும் 'ஆட்டோ' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று வைத்திருந்தால் ஸ்டீரியோ பாட்டில் சப்வூஃபருக்கு ஒன்றும் போகாமல் இருக்கலாம். 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

உதட்டசைவும் குரலும் சேரவில்லை

குரல் முந்தி வந்தால் ரிசீவரில் 'ஆடியோ டிலே' கூட்டினால் தீர்ந்தது. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால் படம் பிந்துகிறது. குரல் பிந்தி வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் பிந்தியதை முன்னால் இழுக்க முடியாது. டிலேயைப் பூஜ்ஜியமாக்குங்கள், பிளேயரை டிவி வழியாகச் சுற்றவிடாமல் நேராக ரிசீவரில் இணையுங்கள், டிவி வழியாகத்தான் வர வேண்டுமென்றால் பிசிஎம் போட்டுப் பாருங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் கொஞ்சம் பிந்துவது இயல்பு.

டிஸ்க் ஓடவில்லை, அல்லது நடுவில் சிக்குகிறது

இங்கேயும் அதே முறை: டிஸ்க்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு டிஸ்க் மட்டும், எப்போதும் ஒரே காட்சியில் சிக்கினால் டிஸ்க்கில் கீறல். எந்த டிஸ்க் போட்டாலும் இடம் மாறி மாறிச் சிக்கினால் லென்ஸில் அழுக்கு. எல்லா டிஸ்க்கும் கடைசிப் பகுதியில் மட்டும் சிக்கினால், லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். சிடியும் ஓரடுக்கு டிஸ்க்குகளும் உள்ளிருந்து வெளி நோக்கித்தான் படிக்கப்படுகின்றன. படம் ஓட ஓட லென்ஸ் விளிம்பை நோக்கி நகர வேண்டும். டிவிடி படத்தின் நடுவில் ஒரே ஒரு முறை கண்ணிமைக்கும் நேரம் நின்று ஓடினால் அது கோளாறில்லை. 8.5 ஜிபி டிவிடியில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன, லென்ஸ் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்கு மாறும் நொடி அது.

அடுத்து வகையை மாற்றுங்கள். சிடி 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரால் படிக்கப்படுகிறது, டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பால், ப்ளூரே 405 நானோமீட்டர் நீல ஊதாவால். சிடி எல்லாம் ஓடுகிறது, டிவிடி ஒன்றுகூட ஓடவில்லை என்றால் மோட்டாரும் தண்டவாளமும் நன்றாக இருக்கின்றன. அனேகமாகச் சிவப்பு லேசர் மங்கியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் அது தேறாது, பிக்கப்பை (லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம்) மாற்ற வேண்டியதுதான். மூன்று வகையும் தடுமாறினால் துடைப்பதில் அர்த்தம் உண்டு.

'டிஸ்க் இல்லை' என்று காட்டி, டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். பல பிளேயர்களில் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து டிஸ்க்கின் பரப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் மோட்டார் சுற்றத் தொடங்கும். லென்ஸ் அழுக்கால் பரப்பே தெரியவில்லை என்றால் மோட்டார் சும்மா நிற்கும்.

லென்ஸைத் துடைக்க: பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றுங்கள். பட்டன் அளவுள்ள அந்தச் சின்னக் கண்ணாடி மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும், அழுத்தினால் வளைந்துவிடும். பஞ்சுக்குச்சியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, பிழிந்து, எடையே இல்லாமல் நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. உலர்ந்த பஞ்சால் இன்னொரு சுற்று. பத்து நிமிடம் காயவிட்டு மூடுங்கள். அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள். சில லென்ஸ்கள் பிளாஸ்டிக், மங்கிப்போகும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளேயரை ஓடவிட்டு லேசரைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

டிஸ்க்கைத் துடைக்கும்போது துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும், பிளேயரால் சரிக்கட்ட முடியாது. சிடியில் தகவல் லேபிள் பக்கம்தான் இருக்கிறது, அங்கே கீறினால் மீட்க வழியில்லை. ப்ளூரேயில் தகவலுக்கு மேல் இருப்பது 0.1 மில்லிமீட்டர் பூச்சுதான், ஆகவே டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். பழைய ப்ளூரே ஓடி, புதிதாக வந்த ப்ளூரே மட்டும் ஓட மறுத்தால் பிளேயரின் ஃபர்ம்வேரை (உள்ளே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்துப் பாருங்கள். வீட்டில் பதிவுசெய்த டிவிடி பதிவுசெய்த கருவியில் மட்டும் ஓடினால் அதை 'ஃபைனலைஸ்' (பதிவை முடித்து மூடுவது) செய்யவில்லை. குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த பிளேயர் என்றால் லென்ஸில் ஈரம் படிந்திருக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு ஓடவிடுங்கள்.

பென்டிரைவில் படம் தெரியவில்லை என்பதும் இங்கேயே சேரும். பல பிளேயர்கள் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டை மட்டும்தான் படிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஃபைல் பெயர் தெரிந்தும் படம் வரவில்லை என்றால் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறை. பழைய பிளேயருக்கு எச்.265 தெரியாது.

ட்ரே வெளியே வரவில்லை

பட்டனை அழுத்தியதும் உள்ளே மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, ட்ரே மட்டும் அசையாவிட்டால் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. ட்ரே விளிம்பை மெல்லப் பிடித்து உதவி செய்தால் வெளியே வரும். பெல்ட்டையும் அது சுற்றும் சக்கரத்தையும் ஐசோப்ரொபைலால் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். பளபளவென்று தெரியும் பெல்ட்டை மாற்றிவிடுவதே நல்லது.

படம் வரவில்லை, அல்லது நிறம் தப்பாக இருக்கிறது

எச்டிஎம்ஐயில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மினுக்கினாலோ, அடிக்கடி ஒரு நொடி கறுத்து மீண்டாலோ கேபிளை மாற்றுங்கள். சாதாரணப் படத்தில் சரியாக இருந்து 4கே போட்டால் மட்டும் இப்படி ஆவதற்கும் அதுவே காரணமாக இருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களில் மஞ்சளைப் பச்சைத் துளையில் சொருகினால் கறுப்பு வெள்ளையில் படம் தெரியும். பல டிவிகளில் மஞ்சளும் பச்சையும் ஒரே துளை என்பதால், டிவி மெனுவில் 'ஏவி'யா 'கம்போனென்ட்'டா என்பதையும் பாருங்கள்.

ரிமோட்டில் சந்தேகம் என்றால் மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு நேரே ரிமோட்டை நீட்டி பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, திரையில் ஊதா வெளிச்சமாக மின்னும். மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, பிளேயரைப் பாருங்கள்.

உயிரே இல்லை

அதே சுவர் பிளக்கில் வேறு ஒன்றைச் சொருகிப் பாருங்கள், பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்து ஸ்டாண்ட்பை விளக்குகூட எரியாவிட்டால் உள்ளே ஃபியூஸ் அல்லது பவர் சப்ளை. கண்ணாடி ஃபியூஸின் உட்பக்கம் முழுக்கக் கறுத்திருந்தால் பின்னால் ஏதோ பலமாக ஷார்ட் ஆகியிருக்கிறது; புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். பலமுறை ஆன் செய்தால்தான் உயிர் வருகிறது, அல்லது விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது என்றால் பவர் போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்க வாய்ப்பு அதிகம்.

பார்க்கலாம், தொடக் கூடாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஓடும் பிளேயரின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அப்படியே இருக்கும். இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது 'ஆன் ஆகவில்லை' என்று மட்டும் சொல்லாமல், விளக்கு எரிகிறதா, ரிலே 'க்ளிக்' கேட்கிறதா, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தீர்களா, எந்த வகை டிஸ்க் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒரு தாளில் எழுதிச் செட்டின் மேல் ஒட்டிக் கொடுங்கள்.